இருபத்துமூன்றாம் சோதனையின் விடை

நான் செய்த தவறுக்கு இன்னொருவர் தண்டனை வாங்கியபோது, பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நிமிடம் அல்ல, ஒன்பது நாள். தவறு என்றால் கொள்ளையோ சதியோ இல்லை. மாலை ஐந்து பத்து ரயிலைப் பிடிப்பதற்காக ஒரு விடையை மாற்றி எழுதினேன். (இந்த இடத்தில் என் மனைவி "பொய் எழுதினேன்னு போடுங்க" என்கிறாள். சரி, பொய் எழுதினேன்.)

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்புக் கட்டிலும் அலமாரியும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு கொட்டகை, அப்புறம் ஒரு சவுக்குத் தோப்பு, அப்புறம் இன்னொரு கொட்டகை. எங்கள் முதலாளி யாரோ பயன்படுத்திக் கழித்த ஒரு கம்ப்யூட்டரை எங்கிருந்தோ வாங்கி, தொழிற்சாலையின் மூலையில் ஓர் அறை கட்டி உட்கார்த்தி வைத்திருந்தார். ஏழு பீரோக்களை வரிசையாக நிறுத்தியது போல இருக்கும். அது சூடாகக் கூடாது என்பதால் அந்த அறைக்கு மட்டும் ஏர்கண்டிஷன். தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ஐஸ் ரூம். சித்திரை மாதத்தில் மணி கேட்பதற்காக மட்டும் ஒரு நாளைக்கு இருபது பேர் உள்ளே வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் கடிகாரம் கட்டியிருப்பார்கள்.

எங்கள் தலைவர் சந்தானம் சார். மெலிந்த மனிதர், அதிராத பேச்சு. ஃபோர்மேன்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக அவரே ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். மொத்தமே பதினொரு கட்டளைகள். அதற்குக் கோப்புகளில் ஏதோ மூன்றெழுத்து ஆங்கிலப் பெயர் உண்டு. நாங்கள் அதைக் குட்டி என்று அழைத்தோம். குட்டிக்கு முழு எண்கள் மட்டும்தான் தெரியும். அரை, கால், முக்கால் எதுவும் தெரியாது.

ஃபோர்மேன் குட்டியில் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர் என்ற இன்னொரு பெரிய புரோகிராம். அது இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகளில் துளைகளாக இருந்தது. சந்தானம் சார் அதில் வாரத்துக்கு இரண்டு மாற்றமாவது செய்வார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அட்டைகளை வரிசைப்படுத்தி, இயந்திரத்துக்கு ஊட்டி, கம்பைலரை மறுபடி கட்டி எழுப்பி, பிறகு அது ஒழுங்காக இருக்கிறதா என்று நாற்பது சோதனைப் புரோகிராம்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவன் நான். விண்கலம் விடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று செவ்வாப்பேட்டையில் எங்கள் தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நாற்பது சோதனைகளுக்கும் சரியான விடைகள் தனியாக அட்டைகளில் இருந்தன. அவற்றை ஒரு தாளில் அச்சடித்துக்கொள்வேன். புதிதாக ஓட்டிய விடைகளை இன்னொரு தாளில் அச்சடிப்பேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேற்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால் வெயில் ஊடுருவும். எழுத்தோடு எழுத்து பொருந்தினால் சரி. எங்கேயாவது மசமசவென்று தெரிந்தால் அங்கே வித்தியாசம். தினமும் மூக்கைக் கண்ணாடியில் பதித்து நான் நிற்பதை வெளியிலிருந்து பார்த்த ஃபோர்மேன் ஏகாம்பரம், "ஐஸ் ரூம் சாரு டெய்லி கண்ணாடிக்கு முத்தம் குடுத்துகினு கீறாரு" என்று ஷெட் முழுக்கப் பரப்பியிருந்தார்.

விடை அட்டைப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனால் ஒரு விடையை மாற்ற மட்டும் எனக்கு அதிகாரம் இல்லை. விடை மாறவேண்டும் என்றால் சந்தானம் சார் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதன்பிறகுதான் பஞ்ச் ஆபரேட்டர் புதிய அட்டையை அடிப்பார்.

பஞ்ச் ஆபரேட்டர் இந்திராணி. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வருபவர். படகில் ஏறி, பொன்னேரி வந்து பஸ் மாறி, எங்கள் யாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். என் வயதுதான், பேச்சில் என்னைவிடப் பத்து வயது பெரியவர். வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். அவருடைய அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தாராம்: ஆறு மாசம் பாரு, நிரந்தரம் பண்ணாங்கன்னா போய் வா, இல்லன்னா ஊட்லயே வலை பின்னு. இதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

அது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை முதலாளி வருகிறார். ஏகாம்பரம் தன் கையால் குட்டியில் எழுதிய முதல் புரோகிராம் கட்டில் குழாய்களில் எங்கெங்கே துளை போட வேண்டும் என்று சொல்லும். அந்தப் பட்டியலை வைத்து வியாழக்கிழமை துளை போட்டு, வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் கட்டிலைப் பூட்டிக் காட்ட வேண்டும். அதுவும் டேப் வைத்து அளக்காமல். "டேப்பை யாரும் தொடக் கூடாது" என்று முதலாளியிடமிருந்து தனியாக உத்தரவு.

கடைசி நேரத்தில் வகுத்தல் கணக்கு வேகமாக நடக்க ஒரு மாற்றம் செய்து கொடுத்துவிட்டு, சந்தானம் சார் ஏதோ வேலையாகச் சென்னைக்குப் போய்விட்டார். நான் அட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசற்படி இருக்கும் இடத்தை மறந்தேன். எழுநூறு அட்டைகள் தரையில். (அட்டைக் கட்டின் மேல்விளிம்பில் கோணலாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்போம். சிதறினால் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். அந்தக் கோட்டைப் புதுப்பிக்க வேண்டியவனும் நான்தான். புதுப்பித்திருக்கவில்லை.) அடுக்கி முடித்தபோது பிற்பகல் மணி மூன்று. கம்பைலரைக் கட்டி, சோதனைகளை ஓட்டி, தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனபோது மணி நாலே கால்.

முப்பத்தொன்பது சோதனைகள் பொருந்தின. இருபத்துமூன்றாவதில் மட்டும் மசமசப்பு.

அது ஒரு சின்னக் கணக்கு. மைனஸ் எழுபத்தைந்தை இரண்டால் வகு. பழைய விடை மைனஸ் முப்பத்தெட்டு. புதிய விடை மைனஸ் முப்பத்தேழு.

முறைப்படி நான் செய்திருக்க வேண்டியது, புதிய மாற்றத்தைப் பிடுங்கிவிட்டுப் பழைய கம்பைலரை மறுபடி கட்டுவது. அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். ஐந்து பத்தை விட்டால் அடுத்த வண்டி ஏழே முக்காலுக்கு. அதில் பேசின் பிரிட்ஜ் போய் அங்கே மாறிச் செவ்வாப்பேட்டை போய்ச் சேருவதற்குள் தெருநாய்கூடத் தூங்கியிருக்கும். முதல் வகுப்பு மூளை வேலை செய்யத் தொடங்கியது. பாதி என்பது முப்பத்தேழரை. குட்டிக்கு அரை தெரியாது. முப்பத்தேழு என்றால் என்ன, முப்பத்தெட்டு என்றால் என்ன, இரண்டுமே அரை தவறுதானே? மேலும் மைனஸ். மைனஸ் எழுபத்தைந்து அங்குலக் குழாயை எந்தக் கடையில் விற்கிறார்கள்? கட்டில் தொழிற்சாலையில் மைனஸுக்கு என்ன வேலை?

ஒரு தாளை எடுத்து, இருபத்துமூன்றாம் சோதனையின் விடை மைனஸ் முப்பத்தேழு என்று எழுதி இந்திராணியிடம் நீட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார். "சார், இது முப்பத்தெட்டு தானே? நான் மூணு தபா அடிச்சிகீறேன் இந்த அட்டைய."

அப்போது நான் சொன்ன பதிலை எழுதவே கூசுகிறது. "நீங்க பஞ்ச் பண்ணுங்க. கணக்கை நாங்க பாத்துக்கறோம்."

அவர் அடித்துக் கொடுத்தார். பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் சீசன் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

தொழிற்சாலையில் மைனஸுக்கு என்ன வேலை என்பதை ஏகாம்பரத்திடம் கேட்டிருந்தால் அவர் இரண்டே வார்த்தையில் சொல்லியிருப்பார். எளாவூர்க்காரர். லாரி பட்டறையில் தொழில் பழகியவர். அவர் எந்தக் குழாயையும் நுனியிலிருந்து அளக்க மாட்டார். மில்லிலிருந்து வரும் குழாய்கள் ஒன்றுக்கொன்று கூடக்குறைய இருக்கும் என்பதால், முதலில் குழாயின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. அதுதான் அவருக்குப் பூஜ்யம். அங்கிருந்து வலது பக்கம் பிளஸ், இடது பக்கம் மைனஸ். அவருடைய புரோகிராமில் பாதிக் கணக்கு மைனஸ்தான். எழுபத்தைந்து அங்குலக் கட்டிலுக்கு இடது துளை முப்பத்தெட்டில், வலது துளை முப்பத்தேழில். இரண்டும் சேர்ந்தால் எழுபத்தைந்து. அப்படிச் சேர வேண்டும் என்பதற்காகவே சந்தானம் சார் குட்டியை அவ்விதம் வகுக்கச் செய்திருந்தார். அதைக் காவல் காக்கத்தான் இருபத்துமூன்றாம் சோதனை. அந்தக் காவல்காரனுக்குத்தான் நான் வேறு சீருடை மாட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை அந்த வாரத்துக் குழாய் அத்தனைக்கும் இடது முப்பத்தேழு, வலது முப்பத்தேழு என்று துளை விழுந்தது. ஓர் அங்குலம் காற்றோடு போயிற்று. எல்லாக் குழாயும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டேப்பை வேறு தொடக் கூடாதே.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். கூடவே ஏதோ விடுதிக்குக் கட்டில் வாங்க வந்த இரண்டு பெரிய மனிதர்கள். கட்டிலின் சட்டம் அழகாகப் பூட்டிக்கொண்டது. பிறகு மேலே வைக்கும் தகடு வந்தது. அது பக்கத்து ஷெட்டில் பழைய அளவுப்படி வெட்டிய எழுபத்தைந்து அங்குலத் தகடு. எழுபத்துநாலு அங்குலச் சட்டத்தில் உட்கார மறுத்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏகாம்பரம் கண்ணைக் காட்டினார். நாலு பேர் நாலு மூலையில் முட்டி போட்டு அழுத்தினார்கள். தகடு உள்ளே போயிற்று. ஆனால் நடுவில் ஆமை முதுகு போல எழும்பி நின்றது.

"இது என்ன டிசைன்?" என்றார் முதலாளி.

கேட்டுவிட்டு அவரே உட்கார்ந்து பார்த்தார். டொங் என்று ஒரு சத்தம். மேடு பள்ளமாகி, முதலாளி முழங்கால் முகத்துக்கு நேராக வரும்படி அமிழ்ந்தார். பதறி எழுந்தார். டொங். பள்ளம் மறுபடி மேடாகிவிட்டது. விருந்தாளிகளில் ஒருவர் விரலால் மேட்டை அழுத்திப் பார்த்தார். ஷெட்டில் எண்பது பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஏகாம்பரம் மட்டும் பயபக்தியோடு சொன்னார்: "கட்டிலு உசுரோட கீது சார்."

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்த தாள் நெஞ்சைச் சுட்டது என்றெல்லாம் எழுதலாம். உண்மையில் அது வெளியே தெரிகிறதா என்றுதான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சந்தானம் சார் விடை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். தன் நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். இருபத்துமூன்றில் நின்றார். "எட்டு அடிக்கவேண்டிய இடத்தில் ஏழு. பஞ்ச்சிங் மிஸ்டேக்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுதான் நியாயமான முடிவு. ஒருவன் வேண்டுமென்றே விடையை மாற்றுவான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்திராணி எழுந்து நின்றார். "இவரு தாள்ல எழுதிக் குடுத்ததத்தான் சார் நான் அடிச்சேன். அந்தத் தாளு இவராண்டதான் கீது."

சார் என் பக்கம் திரும்பினார். நான் மேஜையைத் திறந்தேன். காகிதங்களைப் புரட்டினேன். தாள் மேஜையிலிருந்து ஒன்றரை அடி மேலே, என் சட்டைப் பைக்குள் இருந்தது.

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன்.

இந்திராணி என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவரை நிரந்தரம் செய்வதற்கில்லை. பயிற்சிக் காலம் மறுபடி முதலிலிருந்து ஆறு மாதம். செவ்வாய், புதன் வந்தார். வியாழக்கிழமை அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. வெள்ளியும் அப்படியே.

அந்த ஒன்பது நாளும் நான் சட்டை மாற்றும்போதெல்லாம் தாளையும் புதுச் சட்டைக்கு மாற்றினேன். கிழித்துப் போடத் தைரியமில்லை, எடுத்துக் காட்டவும் தைரியமில்லை. ஒன்பதாம் நாள் மதியம் சந்தானம் சார் மேஜையில் அதை விரித்து வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அவர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ட்ரெயினுக்காக?"

"அஞ்சு பத்து, சார்."

"கிடைச்சுதா?"

"ஒரு மணி நேரம் லேட்டா வந்தது, சார்."

அவர் சிரித்துவிடுவார் என்று ஒரு கணம் நம்பினேன். சிரிக்கவில்லை. "நீங்களே போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி போய், பழவேற்காடு போய், படகு ஏறினேன். இறங்கும்போது படகோட்டி "பாத்து, பாத்து" என்றார். பார்த்துக்கொண்டேதான் முழங்கால் வரை சேற்றில் போனேன். ஒரு செருப்பு இன்றும் அந்த ஏரியில்தான் இருக்கிறது. அந்தக் கோலத்தில் குப்பத்துக்குள் நுழைந்து இந்திராணி வீட்டைக் கேட்டேன். அவரும் அண்ணனும் வாசலில் கிழிந்த வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க சார்" என்றார் இந்திராணி. குரலில் எதுவும் இல்லை. "கெடைச்சுதா தாளு?"

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஒரு நம்பருதானே கீது? இத்துக்கா என் தங்கச்சிய திருடி கணக்கா பாத்தாங்க?"

நான் மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்; நன்றாக இருந்தன. இந்திராணி அவற்றை முடிக்க விடவில்லை.

"என்னாண்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, நான் சரியாத்தான் அடிச்சேன்னு. தெரியாதவங்களாண்ட சொல்லுங்க. ஷெட்ல, எல்லாரும் இருக்கறப்ப. நான் வந்து நின்னு கேக்கறேன்."

செவ்வாய்க்கிழமை காலை டீ நேரத்தில் அது நடந்தது. ஏகாம்பரம் முன்னேற்பாடாக அந்த ஆமைக் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார். "நின்னுகினு பேசினா கால் நோவும், உக்காந்து சொல்லுங்க நைனா" என்று கரிசனமாகத் தோளைப் பிடித்து அழுத்தினார். டொங். நான் அமிழ்ந்தேன். "இந்திராணி மேல் தவறில்லை" என்று ஆரம்பித்து, கொஞ்சம் நிமிர்ந்தேன். டொங். "விடையை மாற்றியது நான்தான்." டொங். என் வாழ்க்கையின் ஒரே நேர்மையான சொற்பொழிவை நான் ஏறி இறங்கிக்கொண்டே நிகழ்த்தினேன். மைனஸ் குழாய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நான் யோசித்ததைச் சொன்னபோது, "எங்களாண்ட கேட்டிருந்தா நாங்களே டஜன் கணக்குல குடுத்திருப்போமே" என்று ஏகாம்பரம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எண்பது பேரும் சிரித்தார்கள். இந்திராணி சிரிக்கவில்லை. நான் முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு, ஐஸ் ரூமுக்குள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, குவிந்து கிடந்த தாள்களில் முதல் தாளை எடுத்தார்.

கட்டில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தகடுகளை ஓர் அங்குலம் குறைத்து வெட்டினார்கள். விடுதிப் பிள்ளைகள் யாரும் காலை நீட்டிப் பார்த்துக் கட்டில் குறைகிறது என்று புகார் எழுதவில்லை. விடை அட்டைப் பெட்டியின் சாவியைச் சந்தானம் சார் என்னிடமிருந்து வாங்கி இந்திராணியிடம் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் கேள்வி கேட்காமல் ஒரு விடையும் மாறவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

அந்த ஆறு மாதம். பிழை அவருடையது அல்ல என்று தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் போட்ட உத்தரவு போட்டதுதான் என்றது. சந்தானம் சார் இரண்டு முறை எழுதினார். நானும் எழுதினேன். என் சர்வீஸிலிருந்து ஆறு மாதத்தைக் கழித்து இந்திராணியின் சர்வீஸில் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: ஓர் ஊழியரின் பணிக்காலத்தை மற்றொருவர் கணக்கிற்கு மாற்ற விதிகளில் இடமில்லை. அந்தக் கடிதத்தை இந்திராணியிடம் காட்டினேன். படித்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "உங்க ஆறு மாசத்த வெச்சிகினு நான் இன்னா சார் பண்றது? அதுல பாதி நாளு நீங்க ஜன்னலாண்டதான நின்னுகினு இருந்தீங்க?"

அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண் அவருக்கு முன்னால் நிரந்தரமாகி, அவருக்கு முன்னால் சூப்பர்வைசரும் ஆனார். இந்திராணி அந்த நாற்காலிக்கு வர நாலு வருடம் கூடுதலாக ஆயிற்று. நான் கணிதத்தில் முதல் வகுப்பு. ஆறு மாதம் எப்படி நாலு வருடமாகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஆனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை மூடி, குட்டி போய், அந்தக் கம்ப்யூட்டரே எடைக்குப் போய்விட்டது. எங்கள் பழக்கம் மட்டும் போகவில்லை. இந்திராணி இப்போது பொன்னேரியில் மகனோடு இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். எடுத்தவுடன் நலம் விசாரிப்பதில்லை. "இன்னா சார், என் ஆறு மாசம் இன்னா ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்டுவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, என் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. போன வாரம்கூடப் பேத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"தாத்தா, ஆறு மாசம் பேசறாங்க."

வந்தேன் என்று எழுந்து போனேன்.